பத்து வரி மஞ்சு மொழி

ஹில்டாவுக்கு முப்பத்தைந்து வயது முடிய அப்போது ஐந்து மாதம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் பட்ட பாடெல்லாம் அந்த ஐந்து மாதத்துக்குள் பட்டதுதான்.

மாரெட்பள்ளியில், ஒரு தையல் கடைக்கு மேலே மாடிப் போர்ஷனில் அவளும் அப்பா எபனேசரும் இருந்தார்கள். அம்மா போய் ஆறு வருஷம். எபனேசர் தெற்கே நாசரேத்துப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் செகந்திராபாத்துக்கு வந்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருஷமாகியும் அவர் வாயிலிருந்து "சொல்லுதேன், பாக்கேன்" போகவில்லை. ஞாயிறு பள்ளிக்கு முப்பது வருஷம் செக்ரட்டரி. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து வசனம் ஒப்புவிக்கச் சொல்லி, முதல் பரிசுக்கு டிபன் பாக்ஸ் கொடுப்பார். அந்த டிபன் பாக்ஸை வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது அவருடைய மகள்தான். ஊரார் முணுமுணுத்தார்கள். "அவ தப்பில்லாமச் சொல்லுதா, நான் என்ன செய்ய?" என்பார்.

அப்படிப் படித்த பெண்ணுக்கு வேலை மட்டும் நிலைக்கவில்லை. ஒரு தனியார் காலேஜில் ஒன்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாள், ஒன்பதும் கான்ட்ராக்ட். மே மாதம் வேலை போகும், ஜூனில் திரும்ப வரும். பெண் பார்க்க வந்தவர்கள், "ஹிஸ்டரியா? பெர்மனென்ட் இல்லையா?" என்று கேட்டுவிட்டு பிஸ்கட்டை மட்டும் சாப்பிட்டுப் போனார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் காலேஜ்காரர்கள் சரித்திரப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். இனி கம்ப்யூட்டர் மட்டும்தான். ஹில்டா சைனிக்புரியில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கப் போனாள். ஒரு வீட்டில் செருப்பை எங்கே விட வேண்டும் என்று தினமும் சொன்னார்கள்.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது.

இரண்டு வருஷம் முன்னால் அவள் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். சீன தேசத்து ராஜாவின் பட்டாளம் திபெத்தைத் தாண்டி நேப்பாளம் வரை சண்டைக்கு வந்ததே, அத்தனை பேருக்கும் அந்தப் பனி மலையில் தானியம் எப்படிப் போனது என்று. எல்லாருக்கும் சண்டையைப் பற்றிக் கவலை, இவளுக்குச் சோற்றைப் பற்றிக் கவலை. அதை ஒரு பேராசிரியை அங்கே படித்திருக்கிறாள். நாலு வருஷப் படிப்பு, உதவித்தொகையோடு. இடம் ஒன்றே ஒன்று. ஆனால் பட்டாளத்துக் கடிதங்களெல்லாம் மஞ்சு மொழியில் இருக்கின்றன, ஆகவே ஜூன் பதினான்காம் தேதி கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஒரு பரீட்சை வைப்போம். நீ முன்பின் பார்க்காத பத்து வரி காட்டுவோம். படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். சேருகிற அன்றைக்கு முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவளுக்கு அடுத்த வருஷமே கிடையாது.

மஞ்சு என்றால் சீனத்தை முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய ஆண்ட ராஜவம்சத்தின் பாஷை. சீனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராஜாக்கள் போனார்கள், பாஷையும் போனது. வீட்டில் அதைப் பேசி வளர்ந்தவர்கள் இன்றைக்கு விரல் விட்டு எண்ணுகிற கிழவர்கள்தான். எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். நூலைத் தொங்கவிட்டு அதில் முடிச்சு முடிச்சாகப் போட்டது மாதிரி இருக்கும், பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு சுழி. ஒரே எழுத்து வார்த்தையின் தலையில் ஒரு வேஷம் கட்டும், நடுவில் ஒரு வேஷம், வாலில் ஒரு வேஷம்.

இதைக் கற்றுக்கொள்ள ஹைதராபாத்தில் எங்கே போவது? ஹில்டா யூனிவர்சிட்டி யூனிவர்சிட்டியாக ஏறி இறங்கினாள். டில்லிக்கு எழுதினாள். சீனம் உண்டு, இது இல்லை என்றார்கள். இன்டர்நெட்டில் பாடம் இருந்தது, சீனத்தில் விளக்கம். இன்னொன்று இருந்தது, ரஷ்ய மொழியில். இங்கிலீஷில் ஒரு இலக்கணம் அகப்பட்டது. காசில்லாமல் பார்க்க விட்ட பக்கங்கள் நாலு, பிறகு ஆறு பக்கம் மூடி வைத்திருந்தார்கள், பிறகு ஒரு பக்கம் திறந்திருந்தது. அகராதியின் விலையைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரையே மூடினாள். வெளிநாட்டில் பதினான்கு பேருக்கு எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வாழ்த்து சொல்லியிருந்தார். மற்றவர், வார்த்தைகளுக்கு அர்த்தம் போட்ட ஒரு பழைய பட்டியலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அந்த ஒருவர் நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆபிட்ஸுக்குப் போனாள். கடைகள் அடைத்திருக்கும் அந்த நாளில் பிளாட்பாரம் முழுக்கப் பழைய புத்தகம் பரப்பியிருக்கும். அங்கே புத்தகம் விற்கும் அப்துல் காதர் அவளுக்குக் காலேஜ் நாளிலிருந்து பழக்கம். வாணியம்பாடிக்காரர், தமிழும் தக்கனி உருதுவும் கலந்து பேசுவார்.

"மஞ்சூரியாவா? ஹவ் மேடம், இருக்கே" என்று அடியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அட்டையில் காலிஃபிளவர்.

"பாய், இது சமையல் புஸ்தகம்."

"நாற்பத்திரண்டாம் பக்கம் கோபி மஞ்சூரியன். பார்க்காம கொடுப்பேனா?"

"பாஷை பாய். மஞ்சு பாஷை."

"யார் பேசறாங்க?"

"இப்ப யாரும் பேசறதில்ல."

"பின்னே கைக்கு? எதுக்கு?"

"ஜெர்மனியில படிக்கப் பணம் தராங்க, வேலைன்னே வச்சுக்கோங்க பாய்."

அப்துல் காதர் சமையல் புத்தகத்தை வாங்கித் திரும்ப அடியில் வைத்தார். "எனக்கு நாலு பாஷை தெரியும். நாலையும் ஜனங்க பேசறாங்க. நான் பிளாட்பாரத்தில உக்காந்திருக்கேன். யாருமே பேசாத பாஷைக்கு உங்களுக்கு ஜெர்மனியில வேலையா? அல்லா பெரியவன்." சிரித்தார். ஹில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்துக்குள் ஹைதராபாத்தில் இருக்கிற எல்லாப் பழைய புத்தகக்காரனையும் கேட்கிறேன் என்றார். கேட்டார். கிடைக்கவில்லை.

மார்ச் முடிந்தது. எழுத்துகளின் பெயரைத் தவிர அவளுக்கு ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளிடம் எபனேசர் சொன்னார்: "ஏளா, அந்த பாஷையில வேதம் இருக்கான்னு பாரு."

அது அவருடைய வழி. இந்த ஊருக்கு வந்தபோது அவருக்குத் தெலுங்கில் ஒரு எழுத்துத் தெரியாது. தமிழ் வேதத்தை இடது பக்கமும் தெலுங்கு வேதத்தை வலது பக்கமும் விரித்து வைத்துக்கொண்டார். தமிழில் நெட்டுருவாகத் தெரிந்த வசனம்தானே, அங்கே என்ன எழுதியிருக்கும் என்று தெரியும், எழுத்தும் வார்த்தையும் தானாகப் பிடிபடும். ஆறே மாதத்தில் ஒர்க்‌ஷாப் நோட்டீஸ் படித்தார். அப்புறம் இந்தி, அப்புறம் கன்னடம். என்ன, அவர் பேசுவது பிரசங்கத் தெலுங்கு. கத்தரிக்காய் விலை கேட்டால் காய்கறிக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"நக்கோ டாடி, வேண்டாம். அது காய்கறி வாங்கத்தான் ஆகும்."

"காய்கறி வாங்குதவன்தான் உன்னைய எம்.ஏ. படிக்க வச்சான்."

அவர் வாயை அடைக்கத்தான் தேடினாள். கால் மணி நேரத்தில் கிடைத்தது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்னால் ரஷ்யாவில் அச்சடித்த மஞ்சு மொழிப் புதிய ஏற்பாடு, பக்கம் பக்கமாக யாரோ படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஹில்டா நாற்காலியிலிருந்து எழுந்து அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தாள். ஜெராக்ஸ் கடைக்காரன் எழுத்து நட்டமாக நிற்கிறதே என்று பாதித் தாளைப் படுக்க வைத்து அடித்துவிட்டான். அதற்குக்கூட அவள் சண்டை போடவில்லை.

ஏப்ரல் முழுக்க அவள் பிடித்த பிடியை விடவில்லை. தாள்களைக் கிளிப் போட்டு வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் அதிகார நம்பர் எழுதினாள். சின்ன வயதில் பரிசு வாங்கிய இடங்களாகப் பார்த்து ஆரம்பித்தாள். இடது கையில் தமிழ், வலது கையில் மஞ்சு. மே மாதம் நடுவில் விரலை வைத்து இழுத்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி அர்த்தம் வந்தது. எபனேசர் ஸ்கேலை வைத்து மறைத்து, "இந்த ரெண்டாவது நூல்ல என்ன எழுதியிருக்கு?" என்பார். பட்டென்று சொல்வாள். அவர் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிற தங்கை வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மே இருபத்திரண்டாம் தேதி. பரீட்சைக்கு இருபத்துமூன்று நாள். வெயில் தாங்காமல் காலையில் எபனேசர் ஃபேனை முழுசாக வைத்துவிட்டார். தாளெல்லாம் பறந்தது. பொறுக்கி அடுக்கி, கிளிப் போட்டு மேஜையில் வைத்தார். அதை அவளிடம் சொல்லவும் இல்லை. ஹில்டா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எப்போதும் மேலே இருப்பது ஆறாம் அதிகாரத்துத் தாள், முதலில் அதைத்தான் எடுப்பாள். சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் அதில் இருந்தது, அதைப் படித்துவிட்டுத்தான் மற்றது. அன்றைக்கும் மேல் தாளை எடுத்தாள். விரல் மேலிருந்து கீழே இறங்கியது, அடுத்த நூலுக்குப் போனது. அவள் வாய்விட்டு அர்த்தம் சொல்லிக்கொண்டே போய் முடித்தாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை.

தாளைத் திருப்பி வைத்தாள். முதுகில் பென்சிலில் பதினாறு என்று இருந்தது.

ஆறாம் நம்பர் தாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஹில்டா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பார்த்தது வேறு பக்கம், சொன்னது வேறு பக்கம். இத்தனை நாளும் கண் எழுத்தின் மேல் இருந்தது, அவ்வளவுதான். தாளைக் கையில் எடுத்ததும் உள்ளே இருக்கிற தமிழ் தானாக ஓட, விரல் அதற்குத் தாளம் போட்டிருக்கிறது. இன்டர்நெட்டில் அகப்பட்ட பட்டாளத்துக் கடிதம் ஒன்றை முன்பே அச்செடுத்து வைத்திருந்தாள், அதை எடுத்துப் போட்டாள். ஒரு வரியில் இரண்டு வார்த்தை தெரிந்தது. ஒன்று "மனுஷன்". இன்னொன்று "இல்லை".

எபனேசர் டீ கொண்டு வந்தார்.

"டாடி, நான் படிக்கல. ஒப்பிச்சேன்."

"என்ன சொல்லுத?"

"ரெண்டு மாசம் டாடி! ரெண்டு மாசமா சண்டே ஸ்கூல் பாப்பா மாதிரி நின்னு ஒப்பிச்சிருக்கேன். உங்க ஸ்கேலும் உங்க டிபன் பாக்ஸும்! நான் கேட்டேனா உங்ககிட்ட? நக்கோன்னு சொன்னேன்ல?"

"எனக்கு அந்த வழியிலதான் வந்துது, ஏளா."

"உங்களுக்கு ஒர்க்‌ஷாப் முழுக்கத் தெலுங்கு பேசினாங்க டாடி. எனக்கு யாரு பேசறா? இந்தச் சுவரா?"

அவர் டீயை வைத்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். ஹில்டா ஜெர்மனிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். மன்னிக்கவும், என்னால் பரீட்சைக்கு வர இயலாது. அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல், மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். கீழே தையல் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒவ்வொரு தையலாக அவள் மண்டையில் விழுந்தது.

டீ ஆடை கட்டிக் கிடந்தது. எபனேசர் உள்ளே வந்தார். கோபமும் போகவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "எனக்கே மனப்பாடம் இல்லாத இடத்தைப் படி" என்றார்.

"என்னது?"

"நான் தமிழ்ல முதல் வரி சொல்லுதேன். நமக்கு ரெண்டாவது வரி வந்துட்டா அந்தத் தாளைத் தூக்கி அலமாரில வையி. வராத தாளை மட்டும் எடு."

ஒரு நாள் முழுக்க அதுதான் வேலை. வசனம் ஒப்புவிக்க வைத்தே முப்பது வருஷம் கழித்த மனுஷர், தனக்கு எது தெரியாது என்று தேடிக்கொண்டிருந்தார். அலமாரி நிறைந்தது. மேஜையில் கொஞ்சம்தான் மிஞ்சியது. யார் யாருக்கோ சொல்லி அனுப்பிய விசாரிப்புகள், அளந்து அளந்து எழுதிய கணக்குகள், கைதியை ஏற்றிப்போன கப்பல் புயலில் உடைந்த நீளமான அதிகாரம். அந்த அதிகாரத்தை எந்தப் பிள்ளைக்கும் யாரும் பரிசுக்கு வைத்ததில்லை. அதில் போர்ச்சேவகர்கள் இருந்தார்கள், கயிறு இருந்தது, காற்று இருந்தது, கடலில் கொட்டிய தானியம் இருந்தது.

இந்தத் தடவை தமிழைத் திறக்கவே இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். தானியத்துக்கு "ஜெகு". பட்டாளத்துக்கு "சோஹா". ஒரு நாளைக்கு மூன்று வரி, சில நாள் ஒன்று. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மூன்று மணிக்கு சைனிக்புரி பஸ், போகும்போதும் வரும்போதும் கையில் வார்த்தை எழுதிய சீட்டு. ட்யூஷன் பிள்ளை கணக்குப் போடும்போது இவள் ஓரத்தில் முடிச்சு வரைந்தாள். கரண்ட் போனால் எபனேசர் நோட்டால் விசிறினார். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியது. நாள் எண்ணிக்கை குறையக் குறைய, தெரியாத வார்த்தை மட்டும் கூடிக்கொண்டே போனது. "எத்தனை வரி வரும்?" என்று அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

ஜூன் பதினான்கு மத்தியானம். திரையில் பேராசிரியை, பக்கத்தில் இரண்டு பேர். எபனேசர் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து வரி வந்தது. மலை தாண்டிப் போன பட்டாளத்திலிருந்து ஒரு சின்ன அதிகாரி எழுதிய கடிதம்.

ஹில்டா விரலைத் திரையில் வைத்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது தட்டித் தடுமாறி வந்தது. மூன்றாவதில் "ஜெகு" என்று இருந்தது, தானியம் கேட்டு எழுதிய வரி. நாலாவது வரியில் இவ்வளவு பேர், இவ்வளவு குதிரை. ஐந்தாவது வரியில் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் தெரியவில்லை. ஆறாவது வரியில் மலையைக் கடந்தோம் என்று இருந்தது.

ஐந்தாவது என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாக இந்தப் பட்டாளங்களைப் பற்றித்தானே படித்திருக்கிறாள். தானியம் கேட்டார்கள், தானியம் வந்தது, மலையைக் கடந்தார்கள். வாய் திறந்துவிட்டது. உள்ளே அது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது, விரல்கூட வரியில் இறங்கத் தொடங்கிவிட்டது.

விரலை எடுத்தாள்.

"இந்த வரி எனக்குத் தெரியவில்லை" என்றாள் இங்கிலீஷில். "ஊகம் சொல்ல முடியும். சொன்னால் அது படித்தது ஆகாது."

"ஊகம் என்ன?" என்றாள் பேராசிரியை.

"தானியம் வந்து சேர்ந்தது."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினாள். "தானியம் வரவில்லை. வராமலேயே கடந்தார்கள். இதற்கு முன்னால் நான் பேசிய இரண்டு பேர் வந்தது என்றே சொன்னார்கள்." ஏதோ எழுதிக்கொண்டாள். மிச்சத்தில் ஹில்டாவுக்கு இன்னும் ஒன்றரை வரி வந்தது. அவ்வளவுதான், நன்றி சொல்லித் திரை மூடியது.

எபனேசர் எட்டிப் பார்த்தார். "எப்படிளா?"

"ஆறரை வரி டாடி."

அவருக்கு அது போதும். ஞாயிறு பள்ளியில் பாதிக்கு மேல் சொன்னால் பாஸ். அவர் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, அவளிடம் சொல்லாமல் சர்ச் ஆபீஸுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் முன்னாலும் வாசிக்கிற ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மகள் ஹில்டாவின் ஜெர்மனிப் படிப்புக்காக.

சனிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. இடத்தை எட்டு வரி படித்த ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். நேர்மையாகப் படித்தாய், ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே இடம், வயது விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று பேராசிரியை எழுதியிருந்தாள். ஹில்டா அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் காணிக்கை விஷயத்தைச் சொல்லாமலே போய்ப் படுத்துக்கொண்டார். சர்ச் பாஸ்டர் ஐயருக்கு போன் செய்து நிறுத்திவிடலாம் என்று எழுந்தாரோ என்னவோ, போனில் சார்ஜ் இல்லை.

மறுநாள் ஐயர் வாசித்துவிட்டார். சபை முழுக்கத் திரும்பி ஹில்டாவைப் பார்த்துச் சிரித்தது. அவள் பக்கத்தில் பார்த்தாள். எபனேசர் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். எப்போ ஃப்ளைட், குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போறே, அங்கே சோறு கிடைக்குமா? அப்பாவை மாட்டிவிட அவளுக்கு மனசு வரவில்லை. மழுப்பவும் வரவில்லை. ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னாள்.

"கிடைக்கல அங்கிள்."

"கிடைக்கல ஆன்ட்டி. நேத்துதான் மெயில் வந்துச்சு, ஐயருக்குத் தெரியாது."

"கிடைக்கலையா? அப்புறம் எதுக்கும்மா அந்தப் பாஷை? எல்லாம் வீணாப் போச்சே!" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஹில்டா அழுதுவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"இன்னும் மூணரை வரி வரணும் ஆன்ட்டி" என்றாள். "அதைப் படிக்கணும்."

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஹில்டா கேட்டைத் தாண்டி வந்தாள். எபனேசர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, சாவி வண்டியிலேயே தொங்க, சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் மாறி மாறித் தேடிக்கொண்டிருந்தார்.